யந்திரம் வாங்கு முன்

சென்ற மாதம் எமது நண்பர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். கொழும்பை அடுத்துச் சிறியதோர் ஆடைத் தொழிற்சாலை நடத்துபவர். பின்னல் துணியிற் சிறுவர்க்கான ரீசேர்ட்டுகள் தைத்து விற்பவர். அவர் கையிலே வண்ணப் படங்கள் நிறைந்த விளம்பரப் புத்தகம் ஒன்று இருந்தது. கணினி இட்ட கட்டளைப்படி துணியை வெட்டும் யந்திரம் பற்றிய புத்தகம் அது.

"எமது உடுப்புகளில் அளவு பிசகித் திரும்பி வருபவை பல. இந்த யந்திரம் மயிரிழையும் பிசகாது வெட்டுமாம். ஆனால் வங்கியிற் பெருங்கடன் எடுக்க வேண்டும். வெட்டும் பகுதியில் உள்ள நால்வரை வீட்டுக்கு அனுப்பவும் நேரலாம். என்ன செய்யட்டும்?" என்று அவர் கேட்டார்.

யந்திர நுட்பம் நாம் கற்றவரல்லோம். ஆயினும், தூர தேசத்து ஒரே கட்டடத்தைச் சார்ந்த இரண்டு கதைகள் எமது நினைவுக்கு வந்தன. அவற்றையே அவருக்குச் சொன்னோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமொன்ட் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் கார்த் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது. வேலைக்கு வாராதோரும், ஓயாத தொழிற் பிணக்கும், பழுதோடு வெளிவரும் கார்களும் மலிந்த இடம் என்று அது பெயரெடுத்திருந்தது. 1984இல் ஜப்பானியக் கம்பனியான டொயோட்டா, ஜெனரல் மோட்டர்ஸுடன் கூட்டுச் சேர்ந்து அங்கேயே மீண்டும் வேலையைத் தொடக்கியது. சேர்க்கப்பட்டவர்களுட் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளரே. புதுமை யந்திரங்களும் அதிகம் இல்லை. ஆனால், நின்று வேலை செய்வோர் கைக்கு எட்டும்படி ஒரு கயிறு தொங்கவிடப்பட்டது. பிழை கண்டவர் அதை இழுத்தால் உதவிக்கு ஆள் வரும். பிழை உடனே தீராவிட்டால் முழு வேலையுமே நின்றுவிடும். சில காலத்துள் அங்கே செய்த கார்கள் அமெரிக்காவின் சிறந்த கார்களுள் வைத்து எண்ணப்பட்டன.

அதே காலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனி தன் மற்றத் தொழிற்சாலைகளில் ரோபோக்களுக்கும் கணினிகளுக்கும் பெரும் பணத்தை வாரி இறைத்தது. டெட்ரோயிட் நகரை அடுத்த ஹம்ட்ராமக்கில் 1985இல் திறந்த தொழிற்சாலையிலே, வர்ணம் பூச வைத்த ரோபோக்கள் காரை விட்டுவிட்டு ஒன்றன்மீது ஒன்று வர்ணம் பூசின என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின.

இனி இரண்டாவது கதை. பிரீமொன்ட் கூட்டு முயற்சி 2010இல் முடிவுற்றது. அவ்வாண்டே டெஸ்லா கம்பனி அக்கட்டடத்தை வாங்கியது. மொடல் 3 என்னும் மின்காரை 2017இல் அங்கே செய்யத் தொடங்கியபோது, வாரத்துக்கு 5,000 கார்கள் என்னும் இலக்கை அவ்வாண்டு முடிவுக்குள் எட்டிவிடலாம் என்று அதன் தலைவர் எலோன் மஸ்க் நம்பினார். மனிதக் கைகளை இயன்றவரை விலக்கி, எல்லாவற்றையும் யந்திரங்களிடம் ஒப்படைக்க முயன்றார். இலக்கை எட்டியதோ 2018 ஜூன் மாத இறுதியில்தான். அளவு மீறி யந்திரங்களை நம்பியது தமது தவறே என்று அவ்வாண்டு ஏப்ரலில் அவரே ஒப்புக்கொண்டார்.

அக்காரின் மின்கலப் பெட்டியின் மேல் கண்ணாடி நாரினாலான விரிப்புகளை வைப்பதற்கு ஒரு ரோபோ இருந்தது. பஞ்சு போன்ற விரிப்பை அதனாற் சரிவரப் பற்ற முடியவில்லை. வேலை அங்கே தேங்கியது. ரோபோவைத் திருத்தவும் விரைவுபடுத்தவும் பெரிதும் பாடுபட்ட பின்னரே, இவ்விரிப்பு எதற்கு என்ற கேள்வி பிறந்தது. மின்கலப் பகுதியாரைக் கேட்டபோது, சத்தத்தைக் குறைப்பதற்கு என்றனர். சத்தத்தைக் கவனிக்கும் பகுதியாரோ, தீயைத் தடுப்பதற்கு என்றனர்! விரிப்பு உள்ள காரிலும் இல்லாத காரிலும் ஒலியைப் பதிந்து கேட்டார்கள். வேற்றுமை எதுவும் தெரியவில்லை. விரிப்பும் போயிற்று, ரோபோவும் போயிற்று. இதையும் மஸ்க்கே பின்னர் ஒரு பேட்டியிற் கூறினார்.

இவற்றைக் கொண்டு, யந்திரமே தீது என்று வாசகர்கள் முடிவு கட்டிவிடலாகாது. டொயோட்டாவும் ரோபோக்களை வைத்தே கார் செய்கிறது. துணியை வீணாக்காமல் வெட்டும் வழியைக் கணினி நம்மிலும் விரைவாகக் கண்டு சொல்லும். எம் கருத்து இதுவே: எந்த வேலை எங்கே பிழைக்கிறது என்பதை அறியாது வாங்கிய யந்திரம், அப்பிழையையே விரைவாகவும் திருத்தமாகவும் செய்து தரும். பிழை எங்கே என்பது அவ்வேலையைச் செய்யும் கைகளுக்குத் தெரியும்.

"வெட்டும் பகுதியில் உள்ளவர்களைக் கேட்டீர்களா?" என்று நண்பரிடம் வினவினோம். அவர் விடை கூறாது விளம்பரப் புத்தகத்தை மடித்துக்கொண்டு புறப்பட்டார்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். வெட்டும் பகுதியின் மூத்த தொழிலாளியை அழைத்துக் கேட்டாராம். அவர் சொன்னது இது: "முதலாளி, பின்னல் துணியை இழுத்துச் சுற்றித்தான் அனுப்புகிறார்கள். சுருளை விரித்து ஒரு நாள் கிடக்கவிட்டால் அது தானாகவே சுருங்கித் தன் அளவுக்கு வந்துவிடும். ஓடர் அவசரம் என்று வந்த அன்றே வெட்டச் சொல்கிறார்கள். வெட்டிய பிறகு சுருங்குகிறது. யந்திரம் வந்தாலும் அந்தத் துணியைத்தானே வெட்டும்?"

இதை மேற்பார்வையாளரிடம் அவர் இருமுறை சொல்லியிருக்கிறார். அச்சொல் முதலாளியின் மேசைவரை வரவில்லை. இழுப்பதற்கு அங்கே கயிறு இல்லை.

துணியை ஆறவிடுவதற்கு நண்பர் இப்போது நான்கு தட்டுகள் அடித்திருக்கிறார். விளம்பரப் புத்தகத்தை அவர் எறிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு யந்திரம் வாங்கவும் கூடும். அப்படி வாங்கினால், அதை இயக்கப் பழக்குவது அந்த நால்வரைத்தான் என்று சொல்கிறார். அவ்வாக்கை அவர் காப்பார் என்று நம்புகிறோம்.