மூண்டு கணினியும் அம்மம்மாவின்ட குரலும்

ஸ்டோவ்னரில வெளிய மைனஸ் 11. உள்ள, என்ட மேசைக்குக் கீழ மூன்று பழைய கணினிகள் உறுமிக்கொண்டிருக்கு. அம்மம்மா தொலைபேசியில கதைச்சதெல்லாம் ஒரே ஒரு வன்தட்டில்தான் இருந்தது. போன கிழமை அது டிக் டிக் எண்டு சத்தம் போட, வயிறு கலங்கிட்டுது.

அதான் மூன்றிலும் பிரதி வைக்க லினக்ஸில் குளஸ்டர்எஃப்எஸ். (தொடங்கினதில நம்மாள் ஒருத்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிச்ச ஆனந்த் பாபு பெரியசாமி. 2011இல் ரெட் ஹேட் அந்த நிறுவனத்தை 13.6 கோடி டொலருக்கு வாங்கியது.) ரெண்டு பிரதி போதாதோ எண்டு கேப்பீங்கள். தொடர்பு அறுந்து ரெண்டும் வேற வேற மாதிரி மாறினால், எது சரி எண்டு சொல்ல மூண்டாமாள் வேணும்.

உபுண்டு 24.04 பெட்டியில 11.1 வந்துது. மற்ற ரெண்டும் டெபியன் 12. அதன்ட சொந்தக் களஞ்சியம் தந்தது 10.3. புதுசு தொடங்கின கூட்டத்தில பழசு சேராது. நான் விடிய விடிய நெருப்புச்சுவரைத் திட்டிக்கொண்டிருந்தன், பாவம் அது. 'ஆப்ட் பாலிசி' எண்டு கேட்டிருந்தா எந்தப் பதிப்பு எங்கயிருந்து வருது எண்டு உடன சொல்லியிருக்கும்.

பிறகு டெபியன் ரெண்டிலும் குளஸ்டர் திட்டத்தின்ட 11ஆம் பதிப்புக் களஞ்சியத்தைச் சேர்த்தன். அதன்ட சாவியைப் பழைய 'ஆப்ட்-கீ'யால போடாதேங்கோ. எல்லாக் களஞ்சியத்துக்கும் அது செல்லுபடியாகிடும். தனிக் கோப்பாக வச்சு, களஞ்சிய வரியில 'சைன்ட்-பை' எண்டு காட்டினால் அந்த ஒண்டுக்கு மட்டும்தான்.

நேற்றிரவு ஒரு பெட்டியின்ட வயரைப் பிடுங்கிப்போட்டு ஒலிக்கோப்பைத் திறந்தன். "சாப்பிட்டியோ ராசா?" எண்டு கேட்டா.