தோப்பு தழைக்கும் வரையில்

துன்பம் நேர்ந்தவனுக்கு நாம் முதன்முதலாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பெரும்பாலும் உபதேசமாகவே இருக்கிறது. கைப்பொருள் செலவாகாத தானம் என்பதாலோ, கொடுப்பவனுக்கு ஒருவிதக் கௌரவத்தையும் தேடித் தருவது என்பதாலோ, விளைச்சலை இழந்தவனிடமும் வேலையை இழந்தவனிடமும் ‘மனசைத் தளரவிடாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு, கடமை தீர்ந்த திருப்தியோடு வீடு திரும்பி, சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு உறங்கிப் போகிறோம். மனோதைரியம் என்பது ஒருவனுடைய பிறவிக் குணம், அது இருப்பவன் வீரன், இல்லாதவன் கோழை என்கிற எண்ணமே இந்த உபதேசத்துக்கெல்லாம் அஸ்திவாரம். அந்த எண்ணம் பிழையானது என்பதற்கு விருத்தாசலத்தைச் சுற்றிய எங்கள் நடுநாட்டைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அநிச்சயம் எங்களுக்குப் புதிதல்ல. கோடையில் மணல்வெளியாகக் கிடக்கும் வெள்ளாறு ஐப்பசி கார்த்திகையில் என்ன ரூபம் எடுக்கும் என்பதைக் கருவேப்பிலங்குறிச்சியில் எந்தச் சோதிடனும் சொல்லிவிட முடியாது; மழை பெய்தும் கெடுக்கும், காய்ந்தும் கெடுக்கும் என்பதை ஆற்றங்கரைக்காரன் பழமொழியாக அல்ல, பிரத்தியட்ச அனுபவமாகவே அறிந்தவன். ஆயினும், ஒரு போக நெல்லை வெள்ளம் கொண்டுபோனால், அந்த நஷ்டம் ஒரு போகத்து நஷ்டம்; அடுத்த பட்டத்தில் அதை ஈடுகட்டலாம் என்ற எண்ணமாவது மிஞ்சும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் கரையேறிய ‘தானே’ புயல் எடுத்துக்கொண்டு போனது அவ்விதமான நஷ்டத்தை அல்ல. விருத்தாசலத்துக்கு வடகிழக்கே முதனையைச் சுற்றியும், அப்பால் பண்ணுருட்டி வரையிலும் செம்மண் மேடெங்கும் பரந்து கிடந்த முந்திரிக்காடுகளும், அவற்றின் நடுவே நின்ற பலா மரங்களும் ஒரே காலைப்பொழுதில் வேரோடு சாய்ந்தன. தை பிறந்தால் பூவெடுக்கும், சித்திரையில் கொட்டை பொறுக்கலாம் என்று காத்திருந்த மரங்கள் அவை. பலவும் தகப்பன் நட்டவை, சில பாட்டன் நட்டவை. ஒருவனிடமிருந்து பணம் போனால் சம்பாதிக்கலாம். காலம் போனால் அதை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

எங்கள் ஊரான விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது, வி.ஆர்.ஐ. 3 என்ற பெயரில் வெளியூர்களிலும் அறியப்பட்ட முந்திரி ரகம் இங்கே பிறந்ததுதான். அங்கே முந்திரிக்கு ஒட்டுக் கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். விதையிலிருந்து முளைத்து இரண்டு மாதம்கூட நிறையாத நாற்றின் தலையைக் கொய்து, அந்த இளந்தண்டின் நடுவே கத்தியால் ஒரு பிளவு உண்டாக்கி, நல்ல தாய்மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை ஆப்புப்போலச் சீவி அதில் இறக்கி, பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றிவிடுகிறார்கள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். துளிர் வந்தால் பிழைத்தது. அப்படிப் பிழைத்த கன்றை ஏழு மீட்டருக்கு ஒன்றாக நட்டால், மூன்றாம் வருஷம் கொஞ்சம் காய்க்கும். வயிறு நிறைகிற விளைச்சலுக்கு ஏழெட்டு வருஷம் செல்லும். அறுபது வயதைக் கடந்த ஒருவர், தாம் இருந்து அனுபவிப்போமோ என்பதே நிச்சயமில்லாத தோப்புக்குக் குழி வெட்டுகிறாரே, அந்தத் திடசித்தம் அவருக்கு எங்கிருந்து வந்தது? எல்லாம் ஆத்ம பலம் என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அது உண்மையாகாது.

அவர் நட்டது முந்திரி மட்டுமல்ல. கன்றுக்கும் கன்றுக்கும் இடையே கிடந்த ஏழு மீட்டரில் அவர் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டார், உளுந்து தெளித்தார், வசதிப்பட்டவர் மரவள்ளிக் குச்சி ஊன்றினார். வருஷம் திரும்புவதற்குள் கைக்கு வரும் இந்த ஊடுபயிர் கடனை அடைத்துவிடாது என்பது வாஸ்தவமே; ஆனால் காலையில் எழுந்ததும் கொல்லைக்குப் போவதற்கு ஒரு காரணத்தை அது கொடுத்தது. களை எடுக்கப் போனவர் கன்றின் பாத்தியையும் அணைத்துவிட்டு வந்தார். மல்லாட்டைக்குப் பெய்த மழை முந்திரிக்கும் பெய்தது. ஆளே எட்டிப் பாராத வெற்று நிலத்தில் நட்ட ஒட்டுக்கன்று ஆட்டுக்கும் வறட்சிக்கும் இரையாகிப் போக, ஊடுபயிர் செய்த நிலத்தில் நட்டது நிலைத்துக்கொண்டதை இந்தப் பக்கத்தில் நாற்பது வயது கடந்த எவரும் சொல்வார்கள். உள்ளம் உடையாமல் இருப்பதற்குத் தூரத்து நம்பிக்கை ஒன்று மாத்திரம் போதாது, அதற்கும் இன்றைய தினத்துக்கும் நடுவே கைக்கெட்டுகிற சிறு விளைச்சல் ஒன்று வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலைப் பற்றி வழங்கும் இரண்டு கதைகள் நினைவுக்கு வருகின்றன. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் கொண்ட இந்த ஊரில் இறைவனிடம் 12,000 பொன் பெற்று, அதை அப்படியே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, எங்கோ இருக்கிற திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொண்டார் என்பது ஒன்று. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது என்று ஜனங்கள் பரிகாசம் செய்வது இதையொட்டித்தான் என்பார்கள். தம்பிரான் தோழர் என்று பெயர் வாங்கியவருக்கு அது சரிப்படும். தவணை தவறினால் கூட்டுறவு வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவனுக்குச் சரிப்படாது. மற்றொரு கதைதான் எனக்குப் பிடித்தது. விபசித்து முனிவர் கோயில் திருப்பணி நடத்தியபோது, ஸ்தல விருட்சமான வன்னியின் இலைகளை உருவி வேலையாட்களுக்குக் கூலியாகக் கொடுக்க, அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அவை பொன்னாக மாறின என்கிறது தலபுராணம். கோபுரம் முடிந்த பிறகு வாருங்கள் என்று அந்த முனிவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் ஊர்ச் செராமிக் பட்டறைகளிலும் இதையேதான் கண்டேன். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25-ஆம் தேதி நாடு முழுவதும் அடைபட்டபோது, பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பீஸ் கட்டை என்று சதா பரபரத்துக்கொண்டிருந்த தொழிற்பேட்டையும் நிசப்தமாயிற்று. அந்த வருஷம் நவராத்திரிக்கு யார் கொலு வைப்பார்கள், வைத்தாலும் யார் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. அப்படியிருந்தும், தளர்வுகள் கிடைத்ததும் தங்களுக்குத் தெரிந்த மட்டில் கொஞ்சமாகவேனும் அகல் வார்க்கத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். கூழ் பதத்தில் கரைத்த வெள்ளைக் களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும் வரையில் பொறுத்து, எஞ்சியதைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே படிந்து நிற்கும் ஈர உருவத்தை விரல் படாமல் வெளியே எடுப்பது நிதானம் கேட்கிற காரியம். அந்த நேரத்தில் மனம் வேறெங்கும் போக முடியாது. பெரிய பொம்மைகளை நம்பிக் காத்திருந்தவர்களைவிடச் சிறு விளக்கை நம்பியவர்கள் கலங்காமல் இருந்தார்கள் என்பது என் எண்ணம். அதிலும் விதி தன் கைவரிசையைக் காட்டாமல் விடவில்லை: கார்த்திகைத் தீபம் நவம்பர் 29 என்றால், 25-ஆம் தேதி இரவு ‘நிவர்’ புயல் கரையைக் கடந்தது.

இவ்வளவும் சொல்லும்போது ஓர் ஆட்சேபம் எழலாம். சிறு வேலையில் மனத்தைச் செலுத்துங்கள் என்பதும் உபதேசந்தானே? அது மெய். விதைக்கு வழியில்லாதவனிடம் ஊடுபயிரின் மகிமையைப் பேசுவது பசித்தவனிடம் சமையற்குறிப்பு வாசிப்பதுதான். புயலுக்குப் பின் நிலத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போனவர்களை மனம் உடைந்தவர்கள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அவர்களில் எத்தனையோ பேர் அங்கிருந்து அனுப்பிய பணத்தில்தான் இங்கே கன்றுகள் தண்ணீர் கண்டன. தைரியத்தைத் தனிமனிதனின் யோக்கியதையாக மட்டும் கருதுகிற சமூகம், அவன் தைரியமாக இருப்பதற்கு வேண்டிய சாதனங்களைக் கொடுக்கிற பொறுப்பிலிருந்து தானே நழுவிக்கொள்கிறது.

ஆகவே, அடுத்த புயலுக்குச் சர்க்கார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நஷ்டஈடு என்று ஒருமுறை எண்ணிக் கொடுக்கும் தொகையும் இலவச ஒட்டுக்கன்றும் நல்லவையே. ஆனால் மரம் காய்க்கும் வரையிலான வருஷங்களை எந்தக் கணக்கெடுப்பாளரும் தம் நோட்டில் எழுதிக்கொள்வதில்லை. மார்கழியில் மரம் விழுந்தால் மானாவாரி மல்லாட்டைக்கு ஆடி வர வேண்டும். அந்த இடைவெளிக்கு, விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதையே நூறு நாள் வேலையாக அந்தந்த ஊராருக்குக் கொடுத்து, கூலியை வாரந்தவறாமல் பட்டுவாடா செய்யட்டும். ஆனியில் கன்று ஏற்றி வருகிற அதே லாரியில் விதை மல்லாட்டையும் வரட்டும். முந்திரி காய்க்கத் தொடங்கும் மூன்றாம் வருஷம் வரையில் கூட்டுறவு வங்கி அசலைக் கேட்காமல் இருக்கட்டும்.