அடம்பிடிக்கும் பிள்ளைக்கு ஆள் தேடும்போது

கடிக்கிற, தள்ளிவிடுகிற, கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடுகிற நான்கு வயதுப் பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் பெற்றோர் எல்லோரும் ஒரே மாதிரிதான் விசாரிக்கிறார்கள்: “பொறுமையான ஆள் யாராவது இருந்தா சொல்லுங்க.” ப்ளே ஸ்கூல் சில வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பெரியவனானதும் கூட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுகிறது. வீட்டுக்கு வரும் ஆயாம்மா மாதம் முடிவதற்குள் நின்றுவிடுகிறார். அடுத்த ஆளையும் அதே அளவுகோலோடுதான் தேடுகிறார்கள். பொறுமை நல்ல குணம்தான். ஆனால் பிள்ளை எந்த நேரத்தில், எதனால் கடிக்கிறது என்று தெரியாத ஒருவர், எவ்வளவு பொறுமைசாலியானாலும் கடி வாங்கிக்கொண்டேதான் இருப்பார். ஒருநாள் அந்தப் பொறுமையும் தீர்ந்துபோகும். பிள்ளையைக் கவனித்துப் புரிந்துகொள்ளப் பழகியவரும், புரியாதபோது கேட்டுக்கொள்ள ஒரு துணை உள்ளவரும்தான் இந்த வேலையில் நிலைப்பார்கள்.

ஒரு பிள்ளை குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரின் கையைக் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவருக்கு அது காரணமில்லாத முரட்டுத்தனம். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்த பிறகு என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் மணி போட்டுச் சில நாள் எழுதிவந்தால், விசிலுக்கும் கடிக்கும் உள்ள தொடர்பு பிடிபடும். சமையல் நேரத்தில் பிள்ளையை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போகலாம். காதைப் பொத்திச் சைகை காட்டக் கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்காவில் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளில் யார் வேலை கடினமாகும்போது ரகளை செய்கிறார், யார் தன்னைக் கவனிக்காதபோது செய்கிறார் என்று முதலில் பிரித்தறிந்தார்கள். பிறகு உதவி கேட்கவோ, கவனத்தைக் கேட்டு வாங்கவோ அதற்கேற்ற வாக்கியத்தைப் பழக்கினார்கள். ரகளை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைப் பழக்கியபோது பலன் இல்லை. ‘ரெண்டு வச்சா சரியாயிடும்’ என்கிற உறவினர்களுக்கு இதுவே பதில். அடி அந்தக் காரணத்தைத் தொடுவதே இல்லை.

பார்த்துக்கொள்கிறவருக்குத் துணை இருந்தால் என்ன மாறும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 40 மாநிலங்களில் ஏறக்குறைய 4,000 மழலையர் வகுப்புகளை யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-இல் ஆராய்ந்தார். ஆயிரத்துக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பெரிய பிள்ளைகளின் பள்ளி வகுப்புகளில் நடப்பதைவிட இது மூன்று மடங்குக்கும் அதிகம். பிள்ளையின் நடத்தை பற்றி ஆலோசனை சொல்ல ஒருவர் வகுப்புக்கே வந்துபோன இடங்களில் இந்த வெளியேற்றம் குறைவாக இருந்தது. அங்கெல்லாம் ஆசிரியர்கள் தனித்து விடப்படவில்லை. அது வசதியான நாடு, நமக்கு நிபுணர்களுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 பிள்ளைகளின் குடும்பங்களிடையே நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அங்கே பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் டாக்டர்களோ தெரபிஸ்ட்டுகளோ அல்ல, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பிள்ளையின் போக்கை அறிந்து அதற்கேற்பப் பேசிப் பழகுவதில் அந்தப் பெற்றோர் தெளிவாக முன்னேறினார்கள். அது முரட்டு நடத்தையை அளந்த ஆய்வு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிபுணர் அல்லாதவர்களைப் பயிற்றுவித்து இந்த வேலையை ஒப்படைக்கலாம் என்பதை நம் மண்ணிலேயே அது காட்டியிருக்கிறது.

கடிக்கிற பிள்ளையை அனுப்பிவிடுங்கள் என்று மற்ற பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதை ஒதுக்கிவிட முடியாது. தன் மகள் கன்னத்தில் பல் தடத்தோடு வீடு திரும்பினால் எந்தத் தாய்க்கும் கோபம் வரும். ஆனால் கடித்த பிள்ளையை அனுப்பிவிடுவதால், பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்கு ஓர் ஆயா என்ற நிலைமை டே கேரில் மாறிவிடுவதில்லை. அங்கே கூடுதலாக ஓர் ஆளைப் போட்டால் எல்லாக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. அதற்குச் செலவாகும், அந்தச் செலவை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் இங்கேதான் நம் சட்டங்கள் கைவிடுகின்றன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. கூடுதல் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை வந்தால் என்ன செய்வது என்று அந்தத் திருத்தம் பேசவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தைத் தான் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்துதான் தருகிறது. காப்பகம் தேவைப்படுவதோ அதற்கு முந்தைய வயதில். பணம் உள்ள வீடு எப்படியோ சமாளிக்கிறது. மற்ற வீடுகளில் அம்மா வேலையை விடுகிறார். ‘அம்மா பார்த்துக்கொள்வதுதானே நல்லது’ என்று சொல்கிறவர்கள், இரவெல்லாம் தூங்காத பிள்ளையோடு பகலையும் ஓய்வின்றிக் கழிக்கும் அம்மாவால் எவ்வளவு நாள் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கே சேர்த்துக்கொள்வதற்கான வழிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. பல பதிவேடுகளும் முட்டைக் கணக்குமாகத் திணறும் அங்கன்வாடி ஊழியரிடம் இதையும் சேர்த்துத் தூக்கிப்போட்டால் அது காகிதத்தோடு நின்றுவிடும். ஒரு வட்டாரத்துக்கு ஒரு சிறப்பாசிரியரை நியமித்து, மையம் மையமாகச் சென்று பிள்ளையோடு உட்கார்ந்து ஊழியருக்கு வழிகாட்டச் செய்ய வேண்டும். அரசு முதலில் இதைச் செய்யட்டும். அதுவரை பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வருகிறவரை முதல் நாளே பிள்ளையோடு தனியே விட்டுப் போகாதீர்கள். ஒரு வாரமாவது சம்பளம் கொடுத்து உங்களோடு கூட வைத்துக்கொள்ளுங்கள். எது பிள்ளையைக் கலங்கவைக்கும், எது சமாதானப்படுத்தும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். ஆள் எடுக்கும்போது “பொறுமை இருக்கா?” என்பதோடு நிறுத்தாமல், “பிள்ளை கடிச்சா நீங்க என்ன செய்வீங்க?” என்றும் கேளுங்கள். “ஏன் கடிக்குதுன்னு பார்ப்பேன்” என்று சொல்கிறவரை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.