பிள்ளையின் முழங்கை பிக்சட் டெபாசிட் இல்லை!

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் சின்னப் பையன்களின் அப்பாக்களில் ஒரு ரகம் உண்டு. பத்து வயதுப் பையனுக்குத் தனிக் கோச், ஊர் ஊராகப் போய் ஆடும் டீம், பந்தின் வேகத்தை அளக்க ரேடார் கருவி... இதெல்லாம் போதாதென்று சாயங்காலம் வீட்டுப் பின்புறத்தில் வேறு "இன்னும் இருபது எறிடா" என்று நிற்பார். கேட்டால் முதலீடு என்பார். போட்ட பணம் நாளைக்குக் காலேஜ் ஸ்காலர்ஷிப்பாகத் திரும்பி வரணுமாம்!

முதலீடு என்றால் நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

கிரிக்கெட்டில் கையை நீட்டி வீசுகிறார்கள். பேஸ்பாலில் முழங்கையை மடக்கி முழு பலத்தோடு எறியணும். ஒவ்வொரு எறியிலும் முழங்கையின் உள்பக்கத் தசைநார் இழுபடும். அது கிழிந்துபோன டாமி ஜான் என்ற வீரருக்கு, 1974ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் வேறு இடத்துத் தசைநாரை எடுத்துப் பொருத்தினார். அப்போது டாமி ஜானுக்கு வயது 31. இன்றைக்கு அதே ஆபரேஷனுக்குப் பள்ளிக்கூடப் பையன்கள் வந்து படுக்கிறார்கள்.

இதைத் தடுக்கத்தான் லிட்டில் லீக் 2007ல் எறிகளுக்கு எண்ணிக்கை வரம்பு கொண்டு வந்தது. 2014ல் வந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, 9-10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 எறிதான் என்கிறது. வருஷத்தில் நாலு மாதமாவது எறியவே கூடாது என்றும் சொல்கிறது. மைதானத்தில் எண்ண ஆள் இருக்கு. வீட்டில் யார் எண்ணுவது? எண்ண வேண்டியவரே "இன்னும் இருபது" என்றால்?

"மிக்கி மேன்டிலை அவர் அப்பாதானே வீட்டில் தேய்த்து உருவாக்கினார்?" என்று கேட்பார்கள். சரி, அதையே பார்க்கலாம். ஓக்லஹோமாவில் அப்பா சுரங்க வேலை முடிந்து வந்ததும், அவரும் தாத்தாவும் ஒருவர் வலது கையால், மற்றவர் இடது கையால் என்று எறிவார்கள். பையன் தகரக் கொட்டகை முன்னால் நின்று டென்னிஸ் பந்தை இரண்டு பக்கமும் மாறி மாறி அடித்தான். பின்னாளில் 536 ஹோம் ரன்! ஆனால் கவனிக்கணும்... அங்கே தேய்ந்தது பெரியவர்களின் தோள், பையனுடையது இல்லை.

1953ல் கனெக்டிகட்டில் டேவிட் முல்லானி என்ற அப்பா, பந்தை வளைத்து எறிந்து எறிந்து கை சோர்ந்துபோன தன் 12 வயது மகனுக்காக, பிளாஸ்டிக் பந்தில் துளைகள் போட்டுக் கொடுத்தார். துளைகளே பந்தை வளைத்தன. 'விஃபிள் பால்' பிறந்த கதை இதுதான். மகன் கை சோர்ந்தபோது அவர் மாற்றியது பந்தை!

வீட்டுப் பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தரையில் உருட்டிவிட்ட பந்தைப் பொறுக்கலாம், சுவரில் டென்னிஸ் பந்தை மெதுவாக அடித்துத் திரும்பி வருவதைப் பிடிக்கலாம், ஸ்டாண்டில் வைத்த பந்தை அடிக்கலாம். முழு வேகத்தில் எறிவதை மட்டும் எண்ணியே ஆகணும்.

பையன் "கை வலிக்குதுப்பா" என்றால் அன்றைக்குக் கடை மூட வேண்டியதுதான். அதைக் கேட்கிற காது இல்லாதவர் எத்தனை கோச் வைத்தும் பிரயோஜனமில்லை.