வெள்ளுடையும் வாசற்படியும்

குருநகர்க் கடற்கரையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நடந்தே போய்விடலாம். திருக்கை முள் ஏறிய காலோடு துடிக்கும் தொழிலாளியைச் சைக்கிளில் இருத்தி உழக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பித்தவர்கள் அவ்வூரில் எத்தனையோ பேர். நோயாளியாகப் போவதற்கு அந்த வழி குறுகியதுதான். ஆனால் அதே குருநகரில் பிறந்த ஒரு மீனவரின் மகள் பதிவுபெற்ற தாதியாக அந்த வைத்தியசாலைக்குள் நுழைய வேண்டுமாயின், அவள் கடக்கவேண்டிய தூரம் எவ்வளவு? இக்கேள்வியை நாம் அமைச்சரிடமோ பணிப்பாளரிடமோ முதலிற் கேட்கவில்லை. ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமுமே கேட்கின்றோம். அந்த வழியின் முதற் கதவைத் திறப்பதும் சாத்துவதும் பள்ளிக்கூடம் அல்லவா?

இலங்கையிலே தாதியாவதற்குரிய வழி யாவரும் அறிந்ததே. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியடைய வேண்டும். வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். தெரிவானபின் அரசாங்கத் தாதியர் கல்லூரி ஒன்றில் மூன்றாண்டு பயிற்சி. அதன்பின், 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தாதியர் பேரவையிற் பதிவு. இப்பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. பயில்கின்ற காலத்தில் கொடுப்பனவும் உண்டு. ஏழை வீட்டுப் பெண்ணொருத்தி எவரிடமும் கைநீட்டாமல் ஒரு தொழிலைக் கற்று, ஓய்வூதியத்துடன் கூடிய உத்தியோகத்தைப் பெறுவதற்கு இந்நாடு வைத்திருக்கும் மிகச் சில வழிகளில் இதுவும் ஒன்று. 1945 இல் கன்னங்கராவின் காலத்தில் இலவசக் கல்வி வந்திராவிட்டால் இவ்வழி தோன்றியே இராது. இதன் அருமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. இத்தனை அருமையான செல்வம் எவருடைய வீட்டு வாசலோடு நின்றுவிடுகின்றது என்பதே நமது வழக்கு.

விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. 1ஏபி எனத் தரம் குறிக்கப்பட்ட பாடசாலைகளில் மட்டுமே அது உண்டு. 1சி தரப் பாடசாலையிற் படிப்பவள் கலை அல்லது வர்த்தகம் படிக்கலாம். இரண்டாந் தரப் பாடசாலையிற் படிப்பவளுக்கு உயர்தர வகுப்பே இல்லை. நகரத்தின் பெரிய கல்லூரிகள் குருநகருக்கு அண்மையில்தானே இருக்கின்றன என்று சிலர் கேட்கலாம். அண்மையில்தான் இருக்கின்றன. ஆனால் பௌதிகவியலுக்கு ஒரு ரியூசன், இரசாயனவியலுக்கு ஒரு ரியூசன், உயிரியலுக்கு ஒரு ரியூசன் என்று விஞ்ஞானக் கல்வி பாடசாலையை விட்டு வெளியேறி எத்தனையோ காலமாகிவிட்டது. இலவசக் கல்வியின் பின்வாசலில் மாதக் கட்டணக்காரர் உட்கார்ந்திருக்கின்றார். மாதச் சம்பளம் வாங்குபவன் மாதக் கட்டணம் கட்டுவான். களங்கண்டியிலே பட்டதை விற்று அன்றன்றைக்கு உலை வைப்பவன் என்ன செய்வான்? கச்சான் அடித்தால் கடல் இல்லை. கடல் இல்லையென்றால் கட்டணமும் இல்லை. ஒரு மாதம் விட்டுப்போன பாடம் அடுத்த மாதம் இரட்டிப்பாகி நிற்கின்றது.

பணம் மட்டுமே காரணமாயின் பேச்சு எளிதில் முடிந்துவிடும். சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளில் ஆசிரியர் அறைகளிலே ஒரு வாக்கியம் காதில் விழும்: ‘கடற்கரைப் பிள்ளையளுக்கு விஞ்ஞானம் ஓடாது, ஆர்ட்ஸ் படிக்க விடுங்கோ.’ அன்போடு சொல்லப்படும் வாக்கியம் இது. பிள்ளை கஷ்டப்படக் கூடாதே என்ற இரக்கமும் அதில் இருக்கும். அந்த இரக்கத்தினுள்ளே யாழ்ப்பாணத்துச் சாதிமானின் பழைய கணக்கொன்று ஒளிந்திருக்கின்றது என்பதை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்ளார். பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் பார்க்குமுன் பிள்ளையின் ஒழுங்கையைப் பார்ப்பவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கின்றார்கள். வெட்கத்துடன் சொல்கின்றோம்: அவர்களிற் சிலர் முற்போக்கு மேடைகளிலே நம்மோடு சேர்ந்து கைதட்டுகின்றவர்களே.

நாம் அறிந்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்வோம். குருநகர்ப் பிள்ளை. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் நல்ல சித்தி. அவ்வாண்டு தந்தையின் படகு இயந்திரம் பழுதாகிவிட்டது. ஆசிரியரின் ஆலோசனைப்படி கலைப்பிரிவிற் சேர்ந்தாள், உயர்தரத்திலும் சித்தியடைந்தாள். தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தகுதியில்லை என்று அப்போதுதான் அறிந்தாள். இந்த இடத்திலேதான் தனியார் பயிற்சி நிலையத்தின் விளம்பரப் பலகை அவள் கண்ணிற் பட்டது. ‘தாதியர் பயிற்சி, குறுகிய காலம், வெளிநாட்டு வேலைவாய்ப்பு’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தாயின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. ஒரு வருடத்தை எட்டாத பயிற்சியின் முடிவில் வெள்ளுடையோடு ஒரு படம் எடுத்தார்கள். வீட்டுச் சுவரிலே சூசையப்பர் படத்துக்குப் பக்கத்தில் அதை மாட்டினார்கள்.

இன்று அவள் தனியார் வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கின்றாள். இரத்த அழுத்தம் பார்க்கின்றாள். புண் துடைத்துக் கட்டுகின்றாள். மலசலச் சட்டி எடுக்கின்றாள். இரவுக் கடமையில் தனியே நிற்கின்றாள். நோயாளர் அவளை ‘மிஸி’ என்றே அழைக்கின்றனர். ஆனால் தாதியர் பேரவையின் ஏட்டில் அவள் பெயர் இல்லை. அவளிடமுள்ள சான்றிதழ் பதிவுக்கு உரியதன்று. அவள் வேலை செய்யும் ஆண்டுகள் எந்தக் கல்லூரியின் வாசலிலும் எண்ணப்படுவதுமில்லை. பத்தாண்டு கழிந்தாலும் அவள் அதே படியில்தான் நிற்பாள். வைத்தியசாலை முதலாளிக்கோ இது நல்ல ஏற்பாடு. தாதியின் வேலை கிடைக்கின்றது. தாதியின் சம்பளம் மிச்சமாகின்றது. சங்கிலி இன்னமும் மீளவில்லை.

இதைச் சொன்னால் உடனே எழும் மறுப்பை நாம் அறிவோம். ‘தாதி வேலை உயிரோடு சம்பந்தப்பட்டது, தகுதியைக் குறைக்க முடியுமா?’ என்பார்கள். குறைக்கக் கூடாது என்றே நாமும் சொல்கின்றோம். மருந்தின் அளவைத் தவறாகக் கணித்தால் நோயாளி இறப்பான்; அவன் ஏழையாக இருந்தால் கேட்பதற்கும் ஆள் இராது. ஆயின் தகுதி என்பது எங்கே அளக்கப்பட வேண்டும்? பயிற்சி முடிந்து வெளியே வரும்போதா? பதினாறு வயதில் எந்த ரியூசன் வகுப்பிற்குப் பணம் கட்ட முடிந்தது என்பதிலா? வெளிவாசலின் பரீட்சையைக் கடுமையாக்குங்கள். நமக்கு ஆட்சேபம் இல்லை. உள்வாசலின் படியை ஏன் இத்தனை உயரமாகக் கட்டினீர்கள் என்பதே கேள்வி.

இதற்கு அமெரிக்காவிலேயே ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டு ஏகாதிபத்தியத்தைப் புகழ்வது நமது தொழிலன்று. எனினும் உண்மை எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே தாதியர் பற்றாக்குறை மிகுந்தது. அதுவரை பெரும்பாலான தாதியர் வைத்தியசாலைகள் நடத்திய பள்ளிகளிலேயே பயின்றனர். பயிற்சி என்பது பெயர். மூன்றாண்டு காலம் விடுதியில் அடைபட்டு வார்டுகளிலே உழைத்துக் கொடுப்பதே நடைமுறை. நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மொன்டாக் என்ற அம்மையார் 1951 இல் ஒரு நூல் எழுதினார். 1952 இல் ஒரு பரிசோதனையைத் தொடக்கினார். ஊரூராக இருந்த இரண்டாண்டுக் கல்லூரிகளிலேயே தாதியர் கல்வியைக் கற்பித்து, இணைப்பட்டம் வழங்கி, நாலாண்டுப் பட்டதாரி எழுதும் அதே பதிவுப் பரீட்சைக்கு அம்மாணவியரையும் அனுப்புவது என்பதே அத்திட்டம். பட்டம் வேறு, பரீட்சை ஒன்று, பதிவும் ஒன்று.

அம்மையாரின் நோக்கம் புரட்சியன்று. உதவியாளருக்கும் முழுத் தொழில்வல்லுநருக்கும் இடைப்பட்ட ஒரு தொழில்நுட்பவியலாளர் கூட்டத்தை உருவாக்கவே அவர் எண்ணினார். வைத்தியசாலைகளுக்கும் ஆட்கள் விரைவிலே தேவைப்பட்டார்கள். ஆனால் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்கள் யார்? மணமான பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், வயது கடந்தவர்கள், பகலில் வேலை செய்தவர்கள், பழைய விடுதிப் பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கக்கூடியவர்கள். அவர்கள் அதே பரீட்சையில் தேறினார்கள். 1965 இல் அந்நாட்டுத் தாதியர் சங்கம் தொழில்முறைத் தாதிக்கு நாலாண்டுப் பட்டமே அடிப்படையாதல் வேண்டும் என்று அறிக்கை விட்டது. வட டக்கோட்டா மாநிலம் 1987 இல் அதை விதியாக்கிப் பார்த்து, 2003 இல் கைவிட்டது. இணைப்பட்ட வழி இன்றும் திறந்தே இருக்கின்றது. இலாபத்துக்காகவும் வைத்தியசாலை நடத்தும் ஒரு நாட்டில்கூட ஏழைப் பெண்ணுக்கு இப்படியொரு படிக்கட்டு இருக்க முடியுமானால், இலவச வைத்தியமும் இலவசக் கல்வியும் உள்ள நாட்டில் அது ஏன் இல்லை?

இங்கும் படிக்கட்டு இல்லாமலில்லை. 1994 இல் திறந்த பல்கலைக்கழகம் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கடமையில் இருக்கும் தாதி வேலையை விடாமலே பட்டதாரியாக முடிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இன்று தாதியர் பட்டப்படிப்பு உண்டு. நல்ல காரியங்களே. ஆனால் கவனியுங்கள்: வாசலுக்கு மேலே படிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. வாசலுக்குக் கீழே நிற்பவளுக்கு ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. உள்ளே நுழைந்தவள் கலாநிதிப் பட்டம் வரைக்கும் ஏறலாம். நுழையாதவள் பத்தாண்டு வார்டிலே நின்றாலும் அனுபவம் என்ற சொல்லுக்கே உரியவள் அல்லள்.

மொழியின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பாடநூல் ஆங்கிலத்தில், கலைச்சொல் ஆங்கிலத்தில், மருந்துச் சீட்டும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அதைக் கற்பதற்கு முன் உடற்கூற்றைத் தமிழிலே விளங்கிக்கொள்ள ஒரு பெண்ணுக்கு உரிமையில்லையா? 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அந்நியர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடியும் என்று காட்டியதை, இருபத்தோராம் நூற்றாண்டில் முடியாது என்று சொல்பவர்கள் நம்மவர்கள். 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை எழுந்தபோது, பெண் நோயாளியைப் பெண்ணே பார்க்க வேண்டும் என்ற தேவையை இந்தச் சமூகம் உணர்ந்தது. நோயாளியைத் தொட்டுத் துடைக்கும் வேலைக்குத் தன் மகளை அனுப்பக் கூசிய வீடுகளும் அன்று இருந்தன. உத்தியோகத்துக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் சேர்ந்ததும் அந்தக் கூச்சம் எங்கோ மறைந்தது! கூச்சம் மறைந்தபின் போட்டி வந்தது; போட்டியிலே குருநகர் பின்தள்ளப்பட்டது.

ஆண்டுதோறும் மே 12 இல் தாதியர் தினம் வருகின்றது. ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று மேடையிலே புகழ்கின்றார்கள். தேவதைகளுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வேண்டியதில்லை. தேவதைகளுக்குப் பிள்ளைகள் இல்லை. இரவுக் கடமை முடிந்து வீடு திரும்பத் தேவதைகளுக்குப் பேருந்தும் வேண்டியதில்லை. தொழிலாளியைத் தேவதையாக்குவது அவளுடைய உரிமையைப் பறிப்பதற்கு மிக மலிவான வழி. 1987 ஒக்டோபர் 21 இல் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டபோது நோயாளரோடு வைத்தியரும் தாதியரும் ஊழியரும் கொல்லப்பட்டனர். ஓடாமல் நின்று இறந்த அவர்கள் தேவதைகள் அல்லர். சம்பளத்துக்கு வேலை செய்த மனிதர்கள். அவர்களுடைய படங்களுக்கு மாலை சூட்டும்போது அதை நாம் மறந்துவிடலாகாது.

குருநகருக்குக் காயத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1986 ஜூன் 10 இல் மண்டைதீவுக் கடலிலே அவ்வூர்த் தொழிலாளர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13 இல் யாகப்பர் ஆலயத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. அன்று கிழிந்த சேலையால் இரத்தத்தைக் கட்டி நிறுத்திய பெண்களின் பேத்திகள் இன்று பள்ளிக்கூடத்தில் இருக்கின்றார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பயிற்றப்பட்ட தாதியர் நாட்டைவிட்டுப் புறப்படுகின்றனர். வார்டுகளிலே ஆளில்லை என்று அதிகாரிகள் கைபிசைகின்றனர். புறப்படுகின்றவளை நாம் குறைகூற மாட்டோம். அவளுடைய உழைப்புக்கு எங்கே விலை கிடைக்கின்றதோ அங்கே போகின்றாள். வெற்றிடத்தை நிரப்பக்கூடியவள் வைத்தியசாலையிலிருந்து நடை தூரத்திலே நிற்கின்றாளே, அவளை ஏன் காணவில்லை என்றுதான் கேட்கின்றோம்.

ஆகவே நாம் கோருவது இது. கலைப்பிரிவிலே சித்தியடைந்தவர்க்கும், வைத்தியசாலைகளில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்க்கும், அரசாங்கமே நடத்தும் ஓராண்டு விஞ்ஞான அடிப்படை வகுப்பொன்று தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். கட்டணமின்றி, மாலை நேரத்தில், கடற்கரைக்குக் கிட்ட. அதிற் தேறியவர்க்குத் தாதியர் கல்லூரிகளில் ஒரு பங்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். இறுதிப் பரீட்சை எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பதிவுக்கு உதவாத சான்றிதழைத் தாதியர் பயிற்சி என்ற பெயரில் விற்போர், ‘இது பதிவுக்கு உரியதன்று’ என்பதை அதே கொட்டை எழுத்தில் தமது பலகையிலே எழுதச் சட்டம் செய்ய வேண்டும்.

அமைச்சு இதற்கு எப்போது செவிசாய்க்கும் என்பது ஒருபுறம் கிடக்கட்டும். ஆசிரியத் தோழர்களே, சாதாரண தரப் பெறுபேறு அடுத்த முறை வரும்போது உங்கள் மேசைக்கு முன் ஒரு தாயும் மகளும் வந்து நிற்பார்கள். தாய் பேசமாட்டாள். ‘சேர், எதைப் படிக்க விட?’ என்று மகள்தான் கேட்பாள். பெறுபேற்றுத் தாளை வாங்கி, முதலில் விஞ்ஞானப் பாடத்துக்கு நேரே உள்ள எழுத்தைப் பாருங்கள்.