கத்திக்கு ஒரு போர்வை

புதிதாக வாங்கிய கத்தி முதல் வாரமே மழுங்கிவிட்டால் நாம் சொல்லும் வசனம் ஒன்றுதான்: "இரும்பு சரியில்லை." பல நேரங்களில் இது அநியாயத் தீர்ப்பு என்பது என் கருத்து. இரும்பு நல்லதாகவே இருந்திருக்கும். அதை நெருப்பில் காய்ச்சும்போது அதன் தோலைக் காப்பாற்ற யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அரசு அலுவலகத்தில் பேனா பிடித்துக் காலம் தள்ளியவனுக்குக் கொல்லுப்பட்டறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில். காய்ச்சிய எஃகை எண்ணெயிலோ தண்ணீரிலோ அமிழ்த்திக் கடினமாக்குவதை பிரெஞ்சில் 'த்ராம்ப்' என்பார்கள். தோய்ப்பது என்று பொருள். நம் கொல்லர்களும் 'தோய்ச்சல்' என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மனிதனின் நெஞ்சுரத்துக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துவார்கள். அந்த ஒற்றுமைதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

1722-ல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர் தேனிரும்பை எஃகாக்குவது பற்றி ஒரு நூலே எழுதினார். கரித்தூளோடு சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி, நெடுநேரம் காய்ச்சினால் இரும்பு எஃகாகும். மூடி வைத்தால் கரி உள்ளே போகிறது. திறந்து வைத்தால்? உள்ளே இருக்கும் கரி வெளியே போய்விடும். கத்திக்கு நேரும் கெடுதல் இதுதான்.

சாதாரணக் கத்தி எஃகைத் தோய்ச்சலுக்கு 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் காற்று பட்டால் இரண்டு சேதம். ஒன்று, மேலே கருப்பாகச் செதில் கட்டும். இது கண்ணுக்குத் தெரியும், உரசி எடுத்துவிடலாம். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. மேல்தோலில் இருக்கும் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகப் பறந்துவிடும். கரி இழந்த அந்தத் தோல் என்னதான் தோய்த்தாலும் கடினமாகாது. கத்தியின் முனையோ மிக மெல்லியது. அங்கே தோலைத் தவிர வேறு என்ன மிச்சம்?

அதனால்தான் சில கத்திகள் நாலைந்து முறை சாணை பிடித்தபிறகு திடீரென்று நன்றாக வெட்ட ஆரம்பிக்கின்றன. மெத்தென்ற தோல் தேய்ந்து, நல்ல எஃகு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். என் வீட்டில் அதற்குள் அந்தக் கத்தி தேங்காய் நார் உரிக்கப் போயிருக்கும்!

பழைய ஆட்கள் இதைச் சும்மா விடவில்லை. ஜப்பானிய வாள் கொல்லர்கள் களிமண், கரித்தூள், சாணைக்கல் தூள் கலந்து பூசுவார்கள். முனையில் மெல்லிதாக, முதுகில் தடிப்பாக. முனை கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் அமைய வேண்டும் என்பது முதல் நோக்கம். மேற்பரப்பைக் காப்பது கூடுதல் லாபம். இங்கிலாந்தில் அரம் செய்தவர்கள் அதன் பற்கள் கெடாதிருக்க, பீர் வண்டலில் தோய்த்து, உப்பும் வறுத்துப் பொடித்த மாட்டுக் குளம்பும் கலந்த தூளைப் பூசிக் காய்ச்சினார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், செய்தது மூளையுள்ள வேலை.

இன்று மின்சார உலை வந்துவிட்டது. டிகிரி சுத்தமாகக் காட்டுகிறது. ஆனால் உள்ளே இருப்பது வெறும் காற்று. ஆழமான கரி நெருப்பிலாவது ஆக்சிஜனைக் கரியே பெரும்பாலும் தின்றுவிடும். மின் உலையில் அந்தக் காவல் கிடையாது. கருவி நவீனமானதால் காவல் வேண்டாம் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. சாதாரணக் கார்பன் எஃகை நொடிப்பொழுதில் எண்ணெயில் இறக்கியாக வேண்டும். ஆகவே அதற்குப் பூச்சுதான் பொருத்தம். செதில் தடுக்கும் பூச்சைத் தடவி, நன்றாகக் காயவிட்டு, உலையில் வைக்கலாம். காற்றிலேயே ஆறிக் கடினமாகும் துருப்பிடிக்காத எஃகு வகைகளுக்கு 1000 டிகிரிக்கு மேல் சூடு தேவை. அவற்றை மெல்லிய ஸ்டீல் தகட்டில் பொட்டலம் கட்டி, ஓரங்களை இரண்டு மடிப்பாக மடிக்க வேண்டும். உள்ளே ஒரு துண்டுக் காகிதம் போட்டால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது எரிந்து தீர்த்துவிடும். எந்த முறையானாலும் தோய்ச்சலுக்கு முன் முனையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு விட்டுவைத்து, பிறகு தீட்டுவது நல்லது.

பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுக்கிறோம். பூச்சுக்கு ஆகும் சில்லறைச் செலவைப் பேரம் பேசிக் குறைக்கிறோம். பட்டறைக்காரரும் என்ன செய்வார், கண்ணுக்குத் தெரியாத வேலையை விட்டுவிடுகிறார். பழி கடைசியில் இரும்பின் தலையில் விழுகிறது. அடுத்த முறை கத்தி செய்யக் கொடுக்கும்போது, "காய்ச்சும்போது மேலே என்ன பூசுவீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் பத்து ரூபாய் கூடக் கேட்டால், தயங்காமல் கொடுங்கள்.