நகரும் இல்லத்தில் ஒரு நெருப்பு



மனிதன் அமைதியுடன் தங்குவதற்கு இல்லத்தை அருளிய இறைவன், பயணத்தின்போது எளிதாகச் சுமந்து செல்லத்தக்க இல்லங்களையும் கால்நடைகளின் தோலிலிருந்து அமைத்துத் தந்ததைத் திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயம் 80-ஆம் வசனத்தில் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான். அன்று அரபகத்தின் மணல்வெளியில் தோற்கூடாரமாக இருந்த நகரும் இல்லம், இன்று ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளில் நான்கு சக்கரங்களின்மீது ஓடுகின்றது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் உள்ளடங்கிய அவ்வண்டியைக் கேம்பர் வேன் என்பர்; பெரியதாயின் மோட்டார் ஹோம் என்பர்.

காரைக்காலைச் சேர்ந்த சகோதரி ஒருவர் இது குறித்தே மடல் வரைந்துள்ளார். பிரான்சில் பணிபுரியும் அவருடைய மகனார் பழைய சரக்கு வேன் ஒன்றை வாங்கி, விடுமுறையில் மனைவி மக்களுடன் தங்கும் இல்லமாக மாற்றி வருகின்றாராம். பனிக்காலக் குளிரைப் போக்க ஹீட்டர் பொருத்தவும் எண்ணியுள்ளாராம். "ஹஜ்ரத்! உறங்கும்முன் நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்று ஓதிக் கொடுக்கின்றீர்கள். இரவெல்லாம் நெருப்பு எரியும் அவ்வண்டியில் என் பேரப்பிள்ளைகள் உறங்கலாமா?" என்று அத்தாய் கேட்கின்றார். நம் மக்கள் குளிர்நாடுகளில் பரவி வாழும் இந்நாளில், இது அவருக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

மதீனா நகரில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தோருடன் எரிந்து போயிற்று. அச்செய்தி எட்டியபோது, நெருப்பு மனிதர்க்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதனை அணைத்துவிட வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பள்ளிவாசல்களில் தொங்கவிடப்படும் விளக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றால் தீப்பிடிக்கும் அச்சம் உண்டெனில் அவையும் இக்கட்டளையில் அடங்கும். அச்சமில்லையெனில் குற்றமில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். கட்டளையின் காரணம் தீங்கு பற்றிய அச்சமே. எனவே நாம் ஆராய வேண்டியது, வண்டியிலுள்ள நெருப்பின் தீங்கு உண்மையாகவே நீக்கப்பட்டுள்ளதா என்பதே.

அத்தீங்கு தீப்பிடித்தல் மட்டுமன்று. போதிய காற்றின்றி எரியும் எந்த எரிபொருளும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் அது ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். விழித்திருப்பவரே அதனைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி ஏமாறுவர். உறங்குபவரோ உறக்கத்திலேயே உயிரிழப்பர்.

ஆகவே, சமையல் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதும், கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் வண்டியில் அறவே தவிர்க்கப்பட வேண்டியவை. மேலும், ஒரு கிலோ புரோபேன் வாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி பிறக்கும். அந்த ஈரம் சுவரில் வியர்த்து, படுக்கையை நனைத்து, இரும்பைத் துருவேற்றும்.

முறையான ஹீட்டரின் இலக்கணம் ஒன்றே: அதன் நெருப்பு வெளிக்காற்றைச் சுவாசித்து, வெளியிலேயே புகையை விட வேண்டும். ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பெஷர் முதலிய நிறுவனங்கள் செய்யும் டீசல் ஹீட்டர்கள் இவ்வகையின. மூடிய உலோக அறைக்குள் தீ எரிகின்றது. அவ்வறையின் வெளிப்புறத்தைத் தழுவிச் செல்லும் காற்று மட்டுமே சூடேறி வண்டிக்குள் வருகின்றது. புகையும் அக்காற்றும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. நடுத்தர வேனுக்கு 2 கிலோவாட் கருவி பெரும்பாலும் போதும். முழு வேகத்திலும் மணிக்குக் கால் லிட்டர் அளவே டீசல் செலவாகும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில் வண்டியின் சுவர்களுக்கு வெப்பக்காப்பு இடவேண்டும். முன்சொன்ன திருவசனம் கால்நடைகளின் உரோமத்தையும் அருட்கொடையாகக் கூறுகின்றது. இன்றும் ஆட்டு உரோமத்தைச் சுவரிடையே அடைப்போர் உளர். அடுத்து, காற்றுக்குழாய், புகைக்குழாய் இரண்டும் தரையைத் துளைத்து வெளியே செல்ல வேண்டும். துளையில் இடைவெளி சிறிதும் இருக்கலாகாது. புகைக்குழாயின் இணைப்புகள் யாவும் வண்டிக்கு வெளியே அமைய வேண்டும். அதன் வாய் வண்டியின் அடியிலேயே முடியாமல் ஓரம் வரை நீண்டு, சன்னலுக்கும் காற்றுக்குழாய்க்கும் விலகி இருக்க வேண்டும். அக்குழாய் கடுமையாகச் சுடும். மரம், மின்கம்பி, எரிபொருள் குழாய் ஆகியவற்றின் அருகே செல்லலாகாது. பாட்டரியை ஒட்டியே பியூஸ் வைக்க வேண்டும். இவற்றைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரைக் கொண்டு செய்வதே முறை.

பயன்படுத்தும்போதும் ஒழுங்குண்டு. எரிபொருள் நிரப்புமுன் ஹீட்டரை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பின்னும் விசிறி சில நிமிடங்கள் சுழன்று கருவியைக் குளிர்விக்கும். அதுவரை மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது. பனி குவிந்து புகைக்குழாயின் வாய் அடைபட்டால் உடனே அகற்ற வேண்டும். குளிருக்கு அஞ்சிக் காற்றோட்டத் துளைகளைத் துணியால் அடைக்கலாகாது. படுக்கையருகே கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணி கட்டாயம் இருக்க வேண்டும், வண்டிகளுக்கெனவே ஈ.என். 50291-2 என்னும் ஐரோப்பியத் தரக்குறியீடு உண்டு. மணி ஒலித்தால் அனைவரும் வெளியேறித் திறந்தவெளிக்குச் சென்றுவிட வேண்டும்.

இந்நஞ்சு குளிர்நாட்டுக்கு மட்டும் உரியதென்று நாம் இருந்துவிடலாகாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் வண்டிக்குள் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்திற்காக இயக்கப்பட்ட ஜெனரேட்டரின் புகை, தரையிலிருந்த இடைவெளி வழியே உள்ளே புகுந்ததே காரணம் என்று வல்லுநர்கள் ஆய்ந்து கூறினர். உதகையிலும் கொடைக்கானலிலும் தங்கும் அறையில் கரியடுப்பை வைத்துக் கதவடைத்து உறங்குவோர்க்கும், பிள்ளை பெற்றவளின் அறையில் சாம்பிராணிக் கனலை மூடிய கதவுக்குள் விட்டுச் செல்வோர்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆதலால் அச்சகோதரிக்கு நாம் கூறும் விடை இதுவே: புகை உள்ளே வர வழியின்றி முறையாகப் பொருத்தி, ஆண்டுதோறும் சோதித்து, எச்சரிக்கை மணியும் வைத்திருப்பின் உங்கள் பேரப்பிள்ளைகள் அங்கு உறங்கலாம். இவற்றுள் ஒன்றேனும் குறைந்தால், நபிமொழியின்படி ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்கட்டும். இதனை உங்கள் மகனாருக்கு இன்றே எழுதுங்கள். பனிக்காலம் வருமுன் அவர் கையில் கிடைக்கட்டும்.

பயணத்திலிருக்கும் நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் தன் பாதுகாப்பில் வைத்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.